இலையைப் பார்த்துச் சொல்லுதல்

திருவண்ணாமலையில் வீட்டுத் தோட்டம் எனப்படுவது பெரும்பாலும் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, துளசி மாடம், இடமிருந்தால் ஒரு வில்வம், குளியலறைத் தண்ணீர் பாயும் பக்கத்தில் வாழை, அதையடுத்துக் கறிவேப்பிலை, முருங்கை, விதைக்காமலே முளைத்த பப்பாளி ஆகியவை கூடிய கொல்லைப்புறமே ஆகும். மனைகள் சுருங்கிவிட்ட புதிய தெருக்களில் அத்தோட்டம் மாடியேறி, பைகளிலும் பழைய வாளிகளிலும் தக்காளியாகவும் கத்தரியாகவும் மிளகாயாகவும் வளர்கிறது. மகிழ மரத்தைத் தலமரமாகக் கொண்ட அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்குக் காலையில் பறிக்கும் பூ பூசைக்கும், மாலையில் கிள்ளும் கறிவேப்பிலை தாளிப்பதற்கும் உடனடியாகப் பயன்படுவதால், செடியில் ஒரு இலை சுருண்டாலும் அது அன்றைய நாளின் கவலையாகிறது. அக்கவலையை மதில் சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரிடமும், நாற்றுப் பண்ணையிலும், உரக்கடையிலும் கொண்டுபோய்க் கேட்கும்போது, அது எங்கும் ஒரே கேள்வியாகவே வெளிப்படுகிறது: "என்ன மருந்து அடிக்கலாம்?"

இக்கேள்வி தவறானதன்று, ஆனால் உரிய நேரத்துக்கு முன்னரே கேட்கப்படுவது. செடிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது தெளிவாகாத நிலையில் கேட்கப்படும் மருந்துக்கு, கடைக்காரர் கையருகே உள்ள புட்டியைத் தவிர வேறு விடை கிடைப்பது அரிது. பூச்சி, பூசணம், நச்சுயிரி, சத்துக் குறைபாடு, தண்ணீர்க் கோளாறு ஆகிய ஐந்தும் ஏறக்குறைய ஒரே அடையாளங்களைக் காட்டக்கூடியவை. இலை மஞ்சளாவது இந்த ஐந்துக்கும் பொதுவானது. எனவே "இலை மஞ்சளாகிறது" என்று மட்டும் சொல்வது, மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதை ஒத்தது.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதே முதலில் சொல்லப்பட வேண்டியது. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் செடிக்குள் இடம்பெயரும் தன்மையுடையதாதலால், அது குறையும்போது செடி தன் அடியிலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுக்கின்றன. இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் நகராது. அது குறைந்தால் அடியிலைகள் பசுமையாகவே இருக்க, கொழுந்திலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்துப்போகும். திருவண்ணாமலை போன்ற கடும்பாறைப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் பல தெருக்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீராக இருப்பதால், அதை நாள்தோறும் பாய்ச்சும் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரத்தன்மை அடைகிறது. காரமான மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. மல்லிகையிலும் கறிவேப்பிலையிலும் தோன்றும் இந்த வெளுப்பை நோயென்று கருதிப் பூச்சிமருந்து தெளிப்பதால் பயனேதும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற பெயரில் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை, மல்லிகைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவாகிய லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்துவந்தால் புதிய கொழுந்து பசுமையாக வருகிறது. அதனினும் மேலானது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாடியில் விழும் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தொட்டிகளுக்கு ஊற்றுவது. செலவில்லாத இந்த வழியை அறிவுரை கூறுவோர் முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்வது வருத்தத்துக்குரியது.

மிளகாய்ச் செடியின் இலைச்சுருட்டலும் இவ்வாறே உற்று நோக்கிப் பிரித்தறிய வேண்டிய ஒன்று. இலையின் விளிம்புகள் மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால், இலைப்பேன் என்னும் மிகச் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி காரணமாக இருக்கக்கூடும். விளிம்புகள் கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகினால், பூச்சியினத்தையே சேராத, எட்டுக் கால்களுடைய சிலந்திப்பேன் காரணமாக இருக்கக்கூடும். பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளிற் பல சிலந்திப்பேனைக் கொல்வதில்லை. மாறாக, அதை உண்டு வாழும் நல்ல உயிர்களைக் கொன்று அது பெருக வழிசெய்துவிடுகின்றன. மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்ற ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்க்காததால், ஒரு பருவத்து மிளகாய் முழுவதும் வீணாவது உண்டு.

கேள்வியைத் தெளிவாகக் கேட்கவும், கேட்டதற்கு ஊரறிந்து விடை சொல்லவும் தமிழ்நாட்டில் நீண்ட ஏற்பாடு இருந்துவந்துள்ளது. 1868ஆம் ஆண்டு சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், அதாவது ஆய்வுக்கூடத்தில் கண்டதை அந்தந்த வட்டாரத்து நிலத்தில் சோதித்து மக்களுக்குச் சொல்லித்தரும் அமைப்பு, 1974இல் அப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் அமைந்தது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகளின் வழியே வேகமாகப் பரவியதால் 'ரேடியோ நெல்' என்றே மக்கள் வாயில் வழங்கியது. 2004 சனவரியில் தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் வாழவச்சனூரில் 2014 முதல் அரசு வேளாண் கல்லூரி இயங்கிவருகிறது. இவை யாவும் உழவரை மனத்திற்கொண்டு எழுந்தவை. கொல்லையில் நான்கு செடி வைத்திருப்பவர் தமக்கும் இவற்றில் இடமுண்டு என்று எண்ணுவதில்லை. அந்தத் தயக்கம்தான் அவரை மீண்டும் மீண்டும் உரக்கடை வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது.

பயிர் மருத்துவ முகாம் என்ற முறை இத்தயக்கத்தைக் குறைக்கக்கூடியது. 2003ஆம் ஆண்டளவில் தென்னமெரிக்காவின் பொலிவியாவில் சந்தைகளில் மேசை போட்டு அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் வாடிய செடியைப் பார்த்து ஆலோசனை சொல்லத் தொடங்கியதே இதன் தோற்றம். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவி, தமிழ்நாட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே கிராமங்களில் நடைபெற்றது. இம்முறையின் உயிர்நாடி, செடியின் பகுதியைக் கண்ணால் காணாமல் மருந்து எழுதுவதில்லை என்பதே. நோயுற்ற இலையோடு நலமான இலையையும், முடிந்தால் வேரையும் கொண்டுவரச் சொல்வது, வேரில் நூற்புழு முடிச்சுகள் இருக்க இலையை மட்டும் பார்த்து ஏமாறும் பிழையைத் தவிர்ப்பதற்காகவே.

ஒருவர் தோட்டத்து நோய் அவர் தோட்டத்தோடு முடிவதில்லை என்பதைத் தமிழ்நாடு பெரும் இழப்பின் வழியே கற்றது. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் பஞ்சை அப்பியதுபோன்ற வெண்படலம் தோன்றியது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற பப்பாளி மாவுப்பூச்சியே அது. இப்பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சி, மிகுந்த சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அத்தேன் படிந்த இலைமீது கரும்பூசணம் வளர்ந்து ஒளியை மறைக்கிறது. தேனுக்காக வரும் எறும்புகள் மாவுப்பூச்சியைப் பகைவரிடமிருந்து காத்து நிற்கின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட செடியினங்களில் அது வாழக்கூடியதாதலால் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி எனப் பரவியது. திருவண்ணாமலைக் கொல்லைகளில் தவறாமல் நிற்கும் பப்பாளியும் செம்பருத்தியும் அதற்கு மிகவும் உகந்தவை. சாலையோரத்துப் பார்த்தீனியக் களையிலும் அது தங்கியிருந்தது என்பதால், ஒரு வீட்டார் தம் மரத்தை எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் தெருவிலிருந்து அது திரும்பிவந்தது.

தொடக்கத்தில் கூறப்பட்ட அறிவுரை மருந்து தெளிப்பதாகவே இருந்தது. மாவுப்பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் பொடி தெளிநீரை ஒட்டவிடாது; அதன் முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பாதுகாப்பாக இருக்கின்றன; ஆதலால் மருந்து மாவுப்பூச்சியை அரைகுறையாகவும், அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளை முழுமையாகவும் அழித்தது. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் மேலும் கடுமையான மருந்துகளின் பெயரைச் சொல்லிக்கொண்டதும், தெளித்த பப்பாளியை வீட்டுக் குழந்தைகளே உண்ண நேர்ந்ததும் அக்காலத்தின் மிகவும் கவலைக்குரிய பக்கங்கள்.

தீர்வு அப்பூச்சியின் தாயகப் பக்கத்திலிருந்து வந்தது. அயல்நாட்டுப் பூச்சி ஒன்று புதிய நிலத்தில் கட்டுக்கடங்காமல் பெருகுவதற்குக் காரணம், அதன் இயற்கைப் பகைவர்கள் உடன் வராமையே. அப்பகைவரைத் தேடிக் கொண்டுவந்து விடுவதை உயிரியல் கட்டுப்பாடு என்பர். ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சியை 1980களில் தென்னமெரிக்கக் குளவியைக் கொண்டு அடக்கிய பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார். அதே வழியில், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களை வரவழைத்து, அவை வேறு நன்மைதரும் உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்தறிந்த பின், அவ்வாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு வயல்களில் விடுவித்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மிகுந்த பயன் தந்தது. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத, மனிதரைக் கொட்டாத இக்குளவி, இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பொரிந்த புழு அதை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெறும் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிவருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருமளவில் வளர்த்து வழங்கியது; அடுத்த ஆண்டுக்குள் மாவுப்பூச்சி பெருமளவு அடங்கியது. அப்போது கூறப்பட்ட அறிவுரை முன்னதற்கு நேர்மாறானது: குளவி விட்ட இடத்தில் மருந்து தெளிக்காதீர்கள். மருந்து கேட்டு வந்தவரிடம் மருந்து வேண்டாம் என்று சொல்லி அதை ஏற்கவைத்தது, குளவியைக் கொண்டுவந்ததற்குச் சற்றும் குறையாத பணி என்றே கொள்ள வேண்டும்.

2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் காணப்பட்டு, பின் கொய்யா, வாழை என வீட்டு மரங்களுக்கும் வந்த சுருள் வெள்ளை ஈயின் கதையும் இதை ஒட்டியதே. அதற்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி பகையாக உள்ளது. இலைமேல் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிய பசையைத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது கருமையையும் உடன் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை பறக்கும் ஈக்களைப் பிடிக்கிறது. சமையலறையில் உள்ள பொருளே போதுமானது என்பதால் இவ்வறிவுரை வாய்மொழியாகவே பரவத்தக்கது.

வாய்மொழியாகப் பரவும் அறிவுரைகள் எல்லாமே இவ்வாறு பழுதின்றிச் சென்று சேர்வதில்லை. வேப்பெண்ணெய் இதற்குத் தக்க சான்று. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து தெளிப்பது மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவற்றுக்கு எங்கும் சொல்லப்படும் வழி. எண்ணெயைத் தண்ணீரோடு இணைப்பது சோப்பின் வேலை. கடினநீரில் சோப்பு திரிந்துபோவதை இவ்வூரில் துணி துவைப்போர் அனைவரும் அறிவர். அவ்வாறு திரிந்தால் எண்ணெய் தனியே மிதந்து, தெளிப்பானின் கடைசிப் பங்கில் மொத்தமாக இலைமேல் விழுந்து, கத்திரி வெயிலில் இலையைக் கருக்கிவிடுகிறது. வேப்பெண்ணெய் செடியைக் கொன்றது என்று பிறகு சொல்லப்படுகிறது. வேறு ஊரில் நல்ல தண்ணீரில் பலித்த வழி இங்கே பலிக்க, மழைநீரிலோ குடிநீரிலோ கலந்து மாலையில் தெளிக்க வேண்டும் என்ற ஒரு வரி அதனோடு சேர்ந்து பரவியிருக்க வேண்டும்.

கடைமருந்தை நாடியே தீர வேண்டிய நிலையில், புட்டியின் மேலுள்ள முக்கோணத்தின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமையை இறங்குவரிசையில் காட்டுவதையும், தெளித்த பின் எத்தனை நாள் கழித்தே பறிக்கலாம் என்னும் காத்திருப்புக் காலம் சீட்டில் அச்சிடப்பட்டிருப்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்த 2005இலேயே இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. நாள்தோறும் கிள்ளும் கறிவேப்பிலைக்கும், நீரில் இட்டுத் தீர்த்தமாகப் பருகும் துளசிக்கும் காத்திருப்புக் காலம் என்பதே நடைமுறையில் இயலாதது. ஆகவே அவற்றுக்குக் கடைமருந்து பொருந்தாது.

பூச்சி என்று தோன்றுவதெல்லாம் ஒழிக்கப்பட வேண்டியதும் அன்று. முருங்கையின் அடிமரத்தில் பகலில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியைப் பந்தம் கொளுத்தி அழிப்பது முறையானதே. கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் பறவை எச்சம்போல் தோன்றி, வளர்ந்ததும் பச்சையாக மாறும் புழுவோ எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய இழப்பில்லை. சிறு கன்றாக இருந்தால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடலாம். மலையடிவார வீடுகளில் கொய்யாவையும் பப்பாளியையும் பறித்துப்போகும் குரங்குகளுக்கு மருந்தே கிடையாது. வலையும், கிரிவலப் பாதையில் அவற்றுக்குத் தின்பண்டம் வீசாதிருப்பதுமே வழி.

பப்பாளி மாவுப்பூச்சி இப்போதும் கோடையில் அங்கங்கே தலைகாட்டுவதுண்டு. அப்போது இலையைக் கிள்ளித் தீயிலிடுவதற்கு முன் திருப்பி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: வெண்மாவுக்கு நடுவே பழுப்பேறி உப்பிய கூடுகளும், அவற்றில் ஊசி முனையளவு வட்டத் துளைகளும் தென்பட்டால், குளவி அங்கே வந்துபோயிருக்கிறது, அந்த இலையை மரத்திலேயே விட்டுவைத்து, அடிமரத்தில் ஏறும் எறும்புகளை மட்டும் தடுத்தால் போதுமானது.