கணினிக்குத் தமிழெழுத்துக் கற்பித்த கதை

கடந்த ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மனோர் பார்க்கில் நடைபெறும் எமது வகுப்பில் மாலைமாற்றுப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று எனப்படும். விகடகவி, குடகு, மாறுமா, தாத்தா என்பன சிறுவரும் அறிந்த எளிய எடுத்துக்காட்டுகள். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியுள்ளார். அது மூன்றாந் திருமுறையில் உள்ளது.

மறுவாரம் மாணவன் ஒருவன் மடிக்கணினியோடு வந்தான். 2014 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தில் கணினியியல் ஒரு பாடமாக இருப்பதனால், செய்நிரல் எழுதுவது எம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது மாலைமாற்றா அன்றா என்று கூறும் சிறு செய்நிரலொன்றைப் பைதன் மொழியில் அவன் எழுதியிருந்தான். ஆங்கிலச் சொற்களுக்கு அது பிழையின்றி விடை கூறிற்று. தமிழுக்கு வந்தபோதோ அவன் முகம் சுருங்கியது.

"சேர், விகடகவி மாலைமாற்று இல்லை எண்டு கணினி சொல்லுது."

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்துக்குச் சரியாகச் சொல்லும் கணினி தமிழுக்கு மாத்திரம் இல்லையென்று சொல்வதாயின், பிழை தமிழிலோ தமிழ் வாத்தியாரிலோதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்பிள்ளையின் முகத்தில் தெரிந்தது. தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் உரிய மொழி, கணினிக்கு உரியதன்று என்னும் முடிவுக்குப் பிள்ளைகள் வருவது இத்தகைய சிறு நிகழ்ச்சிகளாலேயே. ஆதலால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, கணினி ஏன் அவ்வாறு சொல்லிற்று என்பதை ஆராயத் தொடங்கினோம். அதன் பயனாக நாம் கற்றவற்றை இம்மலரில் பகிர்ந்துகொள்கிறோம்.

கணினியின் அரிச்சுவடி

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் வழங்கி, உலக மொழிகள் யாவற்றையும் ஒரே பட்டியலில் அடக்கும் முறை ஒருங்குறி எனப்படும். 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் தமிழுக்கு உரியவை.

எமது நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உண்டு. 128 இடங்களுள் அவை எங்ஙனம் அடங்கும்? அங்கேதான் சூட்சுமம் உள்ளது. உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய க, ங, ச முதலியவற்றுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. ஏனைய உயிர்மெய்களுக்கு எண் இல்லை. கால், விசிறி, கொம்பு முதலிய துணைக்குறிகளுக்கும் புள்ளிக்கும் வேறாக எண்கள் கொடுத்து, அவற்றை ஒட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். இலக்கணத்தில் 'க்' என்னும் மெய்யோடு 'அ' என்னும் உயிர் சேர்ந்து 'க' பிறக்கிறது. கணினியிலோ 'க' முதலில் நிற்க, அதன்மேற் புள்ளி இட்டால் 'க்' பிறக்கிறது. இரண்டும் நேர்மாறான வழிகள் என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

எனவே 'தமிழ்' என்ற சொல் எமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஐந்து எண். த 2980, ம 2990, இகரக்குறி 3007, ழ 2996, புள்ளி 3021. எக்செல் விரிதாளில் நீளத்தைக் கூறும் 'லென்' என்னும் சார்பிடம் கேட்டாலும் ஐந்து என்றே விடை வரும்.

விகடகவி ஏன் தோற்றது?

விகடகவி எமக்கு ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. கணினிக்கு ஏழு: வ, இகரக்குறி, க, ட, க, வ, இகரக்குறி. இதனைக் கடைசியிலிருந்து திருப்பினால், முதலில் வருவது தாங்குவார் இல்லாத ஓர் இகரக்குறி! வகரத்தோடு ஒட்டவேண்டிய குறி இடையில் நிற்கும் ககரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று கணினி கூறியது அதன் அறிவுக்கு உண்மையே. நாம் கேட்டது எழுத்தைப் பற்றி. அது விடை கூறியது எண்ணைப் பற்றி.

பரிகாரம் எளிது. சொல்லைத் திருப்புவதற்கு முன் எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். இடமிருந்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துச் செல்க. அது துணைக்குறியோ புள்ளியோ ஆயின் முன்னுள்ள எழுத்தோடு சேர்க்க. வேறெதுவாயினும் புதிய எழுத்தாகத் தொடங்குக. எழுத்துகளை எண்ணுவதற்கும் இதே விதி போதும். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை ஒன்றாகக் கொள்வதாயின் அவற்றுக்கு மட்டும் தனி விதி வேண்டும். மாணவன் அவ்விதியை நாலைந்து வரிகளில் எழுதிச் சேர்த்தான். விகடகவி தேறிற்று, தாத்தாவும் தேறினார்.

ஆயினும் எழுத்துக் கணக்கே எவ்விடத்தும் சரியென்று கொள்ளலாகாது. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமாயின் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழாயின் 70 எண்களே கொள்ளும். அங்கே 'அம்மா' என்பது மூன்றன்று, ஐந்து. பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்பும் செய்நிரல் எழுத்துகளை எண்ணினால், ஒரு செய்தி என்று நினைத்தது இரண்டு செய்தியாகிக் கட்டணமும் இரட்டிக்கும். எதனை எண்ணுகிறோம், எதற்காக எண்ணுகிறோம் என்று முதலில் கேட்பதே செய்நிரலாளர் கற்க வேண்டிய முதற் பாடம்.

இடாப்பில் வந்த குழப்பம்

அடுத்த சிக்கல் வரவு இடாப்பில் எழுந்தது. பிள்ளைகளின் பெயர்களை அகர வரிசைப்படுத்துமாறு அதே மாணவனிடம் கூறினோம். மயூரனுக்கு முன் மனோகரன் வந்தான். கண்ணனுக்கு முன் கணபதி வந்தான். ஜெயந்தியோ தமிழினியைத் தாண்டி முன்னே நின்றாள்.

இதற்கும் காரணம் உண்டு. இந்திய மொழிகளுக்கு உருவான 'இஸ்கி' என்னும் குறியீட்டின் 1988 ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியே ஒருங்குறியில் தமிழ் வைக்கப்பட்டது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவான வரிசையாகையால், நகரத்துக்கு அருகில் னகரமும், ரகரத்துக்கு அருகில் றகரமும், லகரத்துக்கு அருகில் ளகர ழகரங்களும், சகரத்தை அடுத்து ஜகரமும் இருத்தப்பட்டன. எமது வரிசையில் இறுதியில் நிற்கும் னகரம் அங்கே பகரத்துக்கு முன் நிற்கிறது. புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் பிந்தியது. ஆதலால் அகராதியில் முன்னே வரவேண்டிய 'கண்' அங்கே பின்னே போகிறது.

தமிழ் வரிசை அறிந்த மென்பொருள்கள் இக்காலத்தில் உண்டு. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் சாதாரண செய்நிரல் இவ்வாறுதான் தடுமாறும். பரிகாரம், 247 எழுத்துகளையும் அகராதி முறைப்படி, ஒவ்வொரு மெய்யும் அதன் உயிர்மெய்களுக்கு முன் நிற்க எழுதி, கிரந்த எழுத்துகளை இறுதியிற் சேர்த்து, வரிசை எண் இடுவதே. பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து அவ்வெண்களால் ஒப்பிட்டால் இடாப்பு நேராகும். நெடுங்கணக்கை மனனஞ் செய்த பிள்ளைக்கே இது கைகூடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு தந்தையின் கட்டுரை

இனிக் கூறப்போவது விளையாட்டன்று. மாணவி ஒருத்தியின் தாயார் எம்மிடம் வந்து, காலஞ்சென்ற தம் தந்தையார் எமது பாடசாலையின் பழைய மலரொன்றில் எழுதிய கட்டுரையைத் தேடித் தருமாறு கேட்டார். அச்சுப் பிரதி எவரிடமும் இல்லை. முன்னைய நிர்வாகி ஒருவர் ஒப்படைத்த இறுவட்டொன்று மாத்திரம் இருந்தது. அதனைத் திறந்தபோது திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றின.

ஒருங்குறி பரவும் முன்னர் எம்மவர் பெரிதும் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த முறை அது. 'தமிழ்' என்பது அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே சேமிக்கப்படும். எழுத்துரு உள்ளவரை அது தமிழ்; அஃது இல்லையேல் வெறுங் குப்பை. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் இயங்குதளங்களுள் விண்டோஸ் 2000 இலேயே தமிழ் ஒருங்குறி முதன்முதலாக இடம்பெற்றது. அதற்கு முற்பட்ட எம்மவர் எழுத்துகள் பலவும் இவ்வாறே கிடக்கின்றன.

மாணவனும் நாமும் சேர்ந்து மாற்றிச் செய்நிரல் ஒன்று எழுதினோம். பாமினியில் 'கோ' என்பதற்குக் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் வரும். ஒருங்குறியில் ககரம் முதலில் வர வேண்டும். 'கே' என்பதை முதலில் மாற்றிவிட்டால் கால் தனித்து நிற்கும். கண்ணுக்கு அது 'கோ'வாகத் தோன்றும், எண்ணோ வேறாகும். ஆகவே நீண்ட வடிவங்களை முதலில் மாற்றிக் குறுகியவற்றைப் பின்னர் மாற்ற வேண்டும் என்பதை அனுபவத்தாற் கற்றோம்.

கோப்புகள் தமிழாயின. 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றே தந்தையார் கையொப்பமிட்டிருந்தார் என்று அம்மையார் கூறியிருந்தார். அச்சொற்களைத் தேடினோம், இல்லை என்று விடை வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை. பின்னர் பக்கம் பக்கமாகக் கண்ணால் வாசித்தபோது கட்டுரை அங்கேயே இருந்தது! ரி, ர் ஆகியவற்றில் ரகரத்தை அடிக்கோடு இன்றிக் கால்போல எழுதுவது எம் பழைய வழக்கம். அதற்கேற்பத் தட்டச்சாளர் ரகர விசைக்குப் பதிலாகக் கால் விசையைத் தட்டியிருந்தார். 'ஆசிாியா்' என்பதும் 'ஆசிரியர்' என்பதும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இதனைத் திருத்தும் விதியைத் தந்தது இலக்கணமே. ஓர் எழுத்து இரண்டு உயிரை ஏற்காது. காலின்மேல் விசிறியோ புள்ளியோ தமிழில் எங்கும் வாரா. ஆதலால் அவ்வாறு வந்த காலெல்லாம் ரகரமே என்று துணிந்து மாற்றலாம். ஒரே வரி செய்நிரல்! அடுத்த நொடியில் அத்தனை ஆசிரியரும் கிடைத்தனர். அச்சிட்ட கட்டுரையைக் கையில் வாங்கிய அம்மையார் அதனை அவ்விடத்திலேயே நின்று முழுவதும் வாசித்தார்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதனைத் தடுக்க எம்மால் இயலவில்லை. இறுவட்டுகளுக்குள் வாசிப்பாரற்றுக் கிடக்கும் எழுத்துகளைக் காப்பது எம்மால் இயலும். அதற்குத் தமிழ் மட்டும் அறிந்தவர் போதார். செய்நிரல் மட்டும் அறிந்தவரும் போதார். இரண்டும் அறிந்த தலைமுறை எமது வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே! வீட்டில் உள்ள பழைய கோப்புகளை வீசிவிடாது எம்மிடம் கொண்டு வாருங்கள். மாணவச் செல்வங்களே! கணினி பிழையென்று சொன்னால், எதனைக் கேட்டோம், அஃது எதற்கு விடை கூறிற்று என்று ஆராயுங்கள். கணினிக்குத் தமிழ் தெரியாதாயின் அது தமிழின் குறையன்று. அதற்குக் கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவை, அவ்வாசிரியர் நீங்களே.