அனகோண்டா யானையைக் கொன்றதா?
இலங்கையில் பிறந்து அமெரிக்கா போன ஒரு பெயரின் கதை

'அனகோண்டா' என்று சொன்னால் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். 1997-ம் ஆண்டு அதே பெயரில் வந்த ஹாலிவுட் படம் அந்தப் பாம்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அனகோண்டா வாழும் இடம் தென் அமெரிக்கா. அமேசான் போன்ற பெரிய ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் அது கிடக்கும். உலகத்தில் உள்ள பாம்புகளில் அதிக எடை உள்ளது இதுதான். இதற்கு விஷம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாம்பு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் அதன் பெயர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது அல்ல! பிரேசில் நாட்டு மக்கள் அதை 'சுகுரி' என்றே அழைக்கிறார்கள். அமேசான் காட்டில் பல ஆண்டுகள் சுற்றிய பேட்ஸ் என்ற ஆங்கில அறிஞர், 'அனகோண்டா' போன்ற ஒரு பெயர் அங்கே வழங்குகிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நமக்குப் பக்கத்தில் உள்ள இலங்கையில் இருந்து!

எருமையை நொறுக்கும் பாம்பு

1693-ம் ஆண்டில் ஜான் ரே என்ற ஆங்கில அறிஞர் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பொருட்காட்சி சாலையில் இருந்த பாம்புகளின் பட்டியல் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரு பாம்பின் பெயர் 'அனகண்டையா'. "இலங்கையில் உள்ளவர்கள் இப்படி அழைக்கிறார்கள். எருமைகளின் உடலையே நொறுக்கிவிடும்" என்ற கருத்தில் அவர் குறிப்பு எழுதினார்.

75 ஆண்டுகள் கழித்து, 1768-ல், ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில் எட்வின் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். இலங்கையில் ஒரு ராட்சதப் பாம்பு புலியைச் சுற்றி வளைத்து, எலும்பை முறித்துக் கொன்றதாக அதில் வர்ணித்திருந்தார். படித்தவர்கள் நடுங்கிப் போனார்கள். 'அனகோண்டா' என்ற பெயரும் பரவியது.

ஆனால், இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது! இல்லாத புலியை எந்தப் பாம்பு கொல்லும்? அது முழுக்கக் கட்டுக்கதை.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நூலாசிரியர்கள் இந்தப் பயங்கரப் பெயரைத் தென் அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டிவிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

தமிழ்ச் சொல்லா?

பெயரின் பொருள் என்ன? தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும், யூல் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து தயாரித்த அகராதி 1886-ல் வெளிவந்தது. அதில், இது தமிழாக இருக்கலாம் என்ற கருத்து சொல்லப்பட்டது. யானையைப் பேச்சில் 'ஆனை' என்கிறோம். ஆனையைக் கொன்றது 'ஆனைக்கொன்றான்'. அதுவே அனகோண்டா ஆனதாம்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யானையைக் கொல்லும் பாம்பு உண்டா? இலங்கையில் உள்ள பெரிய பாம்பு நம் ஊரிலும் இருக்கும் மலைப்பாம்புதான். அது எலி, முயல், மான் போன்றவற்றைப் பிடிக்கும். யானையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இலங்கை விவரங்களை நன்கு அறிந்த டொனால்ட் பெர்குசன் என்பவர் வேறு விளக்கம் சொன்னார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்று ஒரு பெயர் உண்டு. 'ஹென' என்றால் மின்னல். 'கந்த' என்றால் தண்டு. மின்னல் போன்ற தண்டு!

அது எந்தப் பாம்பு தெரியுமா? மரக்கிளையில் கொடி போலத் தொங்கும் ஒரு மெல்லிய பாம்பு! நம் தோட்டத்துப் பச்சைப் பாம்பின் நெருங்கிய உறவு. பச்சைப் பாம்பைத்தான் 'கண்கொத்திப் பாம்பு' என்று சொல்லிப் பயப்படுகிறோம். உண்மையில் அது கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை.

விரல் தடிமன் உள்ள பாம்பின் பெயர் எப்படியோ மலைப்பாம்புக்குப் போயிற்று. பிறகு கடல் கடந்து, அதைவிடப் பெரிய பாம்புக்குப் போயிற்று. இந்தச் சிங்கள விளக்கத்தையே இன்று பல அகராதிகள் முதலில் சொல்கின்றன. தமிழ் விளக்கமும் பக்கத்தில் இடம் பெறுகிறது. ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து ஒரு சொல்லை நமதென்று சொல்லிவிட முடியாது. பொருளும் பொருந்த வேண்டும். பழைய எழுத்துச் சான்றும் வேண்டும்.

பெயர் ஒன்று, பாம்பு வேறு

மலைப்பாம்பும் அனகோண்டாவும் வேறு வேறு இனம். மலைப்பாம்பு முட்டையிட்டு, அதைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும். அனகோண்டா குட்டி போடும்.

இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கும். ஆனால் பழைய கதைகளில் வருவதுபோல எலும்பை நொறுக்குவதில்லை. இறுக்கத்தில் இரத்த ஓட்டம் நின்று இரை சாகிறது. இன்றைய ஆராய்ச்சி இதைக் காட்டியிருக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒரு கொடிப் பாம்பின் பெயர், சொல்வோர் வாயில் வளர்ந்து வளர்ந்து, எருமையை நொறுக்கியது, புலியை முறித்தது, கடைசியில் யானையையும் கொன்றுவிட்டது!