துவாக்குடியிலிருந்து லண்டன் வரை சொந்த கேரவனில் போக முடியுமா? வண்டிக்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள்!

துவாக்குடி சிட்கோ பக்கம் ஒரு ரவுண்டு போனால், இரும்புத் தகட்டை வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த பட்டறைகள் வரிசையாக இருக்கும். பெல் நிறுவனத்துக்கு பாய்லர் பாகங்கள் செய்துகொடுத்துப் பழகிய ஊர் இது. அதனால், "ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வச்சு, அப்படியே லண்டன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனா என்ன?" என்று இந்த ஊர் இளைஞர் ஒருவருக்குத் தோன்றினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கனவு நல்ல கனவுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் அதைத் தொடங்கும் இடம் தப்பு. முதலில் வண்டியை வாங்குகிறார்கள், பிறகு உள்ளே மர வேலை செய்கிறார்கள், கடைசியில்தான் பேப்பர் வேலையை விசாரிக்கிறார்கள். சேமிப்பு முழுவதும் வண்டியில் போன பிறகு, "இந்த வண்டி அந்த நாட்டுக்குள்ள வராது" என்று தெரிந்தால் என்ன செய்வது? வேலையைச் செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. எப்படி என்று பார்ப்போம்.

நம் ஊர்க்காரர்கள் யாராவது போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். 2017-ல் கோவையிலிருந்து மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகா ரத்தினம், பிரியா ராஜ்பால் ஆகியோர் டாடா ஹெக்ஸா காரில் லண்டனுக்குக் கிளம்பினார்கள். 24 நாடுகள், 70 நாட்கள் என்பது திட்டம். சுதந்திர இந்தியாவின் 70-வது ஆண்டு என்பதால் அந்த எண். மணிப்பூர் வழியாக மியான்மர், அங்கிருந்து தாய்லாந்து, லாவோஸ், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா, ஐரோப்பா என்று போன பாதை அது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்கள் ஓட்டியது கேரவன் அல்ல, சாதாரண எஸ்யூவி. இரண்டு, அவர்கள் போன பாதை இன்று அப்படியே திறந்திருக்கவில்லை.

இப்போது பாதை எது?

வரைபடத்தில் பார்த்தால் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கோ இன்று இந்தியா கிட்டத்தட்ட ஒரு தீவு.

மேற்கே பாகிஸ்தான். 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. கிழக்கே மியான்மர். 2021 பிப்ரவரியில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டைச் சாலை வழியாகக் கடப்பது திட்டத்தில் எழுதக்கூடிய விஷயமாக இல்லை. 2023 மே முதல் மணிப்பூரில் நடந்த வன்முறையும் சேர்ந்துகொண்டது. வடக்கே நேபாளம் வழியாக திபெத் போகலாம். ஆனால் சொந்த வண்டியில் சீனாவுக்குள் நுழைய, அங்குள்ள ஏஜென்சி வழியாக முன்அனுமதி, கூடவே வரும் வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். நம்முடைய இன்டர்நேஷனல் பெர்மிட்டை சீனா ஏற்பதில்லை.

தெற்கே? துவாக்குடி வழியாகப் போகும் திருச்சி - தஞ்சை நெடுஞ்சாலை நாகப்பட்டினத்தில் போய் முடிகிறது. அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியது. ஆனால் அதில் ஆள் மட்டும்தான் போகலாம், வண்டி ஏறாது.

ஆக, மிச்சமிருப்பது சரக்குக் கப்பல். வண்டியை இந்தியத் துறைமுகத்தில் ஏற்றி, துபாய் பக்கமோ, நேராக ஐரோப்பாவிலோ இறக்கி, அங்கிருந்து ஓட்டுவது. துபாயில் இறக்கினால் அடுத்து ஈரானைக் கடப்பது ஒரு வழி. அங்கே நிலைமை அடிக்கடி மாறுகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்க்காமல் அந்த வழியைத் திட்டத்தில் எழுத வேண்டாம்.

கப்பலில் ஏற்ற என்ன பிரச்சினை?

உயரம்தான். சாதாரண கன்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர். ஹை-கியூப் கன்டெய்னர் என்றால் சுமார் 2.58 மீட்டர். நின்றுகொண்டே சமைக்க வேண்டும் என்று கூரையை உயர்த்தி, மேலே ஏசியும் சோலார் பேனலும் வைத்தால், வண்டி இதற்குள் அடங்காது. அப்புறம் 'ரோ-ரோ' கப்பல்தான். அதாவது வண்டியை ஓட்டிக்கொண்டே ஏற்றி, ஓட்டிக்கொண்டே இறக்கும் கப்பல். அதில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே சொந்தப் பொருள்கள் வைக்கவும் கட்டுப்பாடு உண்டு. கேஸ் சிலிண்டரோடு எதிலும் ஏற்ற மாட்டார்கள்.

பட்டறையில் கூரை அளவைச் சொல்வதற்கு முன்பே, வண்டி எதில் ஏறப்போகிறது என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

சரி, வண்டியைப் பட்டறையில் செய்யலாமா?

செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் செய்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வேனின் கூரையை வெட்டி உயர்த்துவது, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது எல்லாம் ஆர்.சி-யில் ஏறாவிட்டால், இன்சூரன்ஸ் க்ளைமில் முதலில் அடிபடும். வெளிநாட்டு எல்லையில் "பேப்பர்ல ஒண்ணு இருக்கு, வண்டி வேற மாதிரி இருக்கே" என்ற கேள்வி வரும்.

நேர்வழி ஒன்று உண்டு. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் வண்டியைச் செய்து வாங்கி, ஆர்.சி-யிலும் அப்படியே பதிவு செய்வது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை மத்திய அரசின் பட்டியல் 'நான்-டிரான்ஸ்போர்ட்' வகையில் வைத்திருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். தாய்லாந்து 2016-ல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டு வண்டிகள் முன்அனுமதி வாங்க வேண்டும். மோட்டார்ஹோம்களுக்கு அந்த அனுமதி கிடையாது. ஹெக்ஸாவுக்குத் திறக்கும் கதவு, கேரவனுக்குத் திறக்காது. போகும் நாடுகளை முடிவு செய்த பிறகே வண்டி வகையை முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

எடைக் கணக்கு ஏன் முக்கியம்?

நம் ஊரில் கார் லைசென்ஸ் வைத்து மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள வண்டியை ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் இதைச் சொன்னது. ஐரோப்பாவிலோ சாதாரண 'பி' வகை உரிமத்தின் வழக்கமான எல்லை 3,500 கிலோ. அதைத் தாண்டினால் லாரிக் கணக்கு. உரிமம் வேறு, வேகம் வேறு, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் டோல் முறையும் வேறு.

எடை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதோடு பேட்டரி, பிளைவுட், டீசல், நான்கு பேர், அரிசி மூட்டை. ஊறுகாய் ஜாடியையும் சேர்த்து ஏற்றிவிட்டு, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எதை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

வண்டிக்கும் பாஸ்போர்ட் உண்டா?

உண்டு. அதன் பெயர் கார்னே. முழுப் பெயர் 'கார்னே டி பாசாஜ் ஆன் துவான்'. "இந்த வண்டியை விற்க மாட்டேன், தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போய்விடுவேன்" என்று அந்த நாட்டின் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அது. ஆயுள் ஒரு வருடம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள் இருக்கும். உள்ளே நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்று, மூன்றாவது இரண்டு முத்திரைகளோடும் உங்களிடமே இருக்கும்.

எல்லா நாட்டுக்கும் இது தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்னே இல்லாமலே ஆறு மாதம் வரை வெளிநாட்டு வண்டியை வைத்திருக்கலாம். ஈரான் போன்ற நாடுகளில் கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்தியாவில் கார்னே தருவது ஆட்டோமொபைல் சங்கங்கள். 1919-ல் தொடங்கிய மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் அதில் முக்கியமானது.

உங்கள் பணம் மாட்டும் இடமும் இதுதான். கார்னே வாங்க, வண்டியின் மதிப்பை அடிப்படையாக வைத்து வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. இருபது லட்ச ரூபாய் வண்டி என்றால், வண்டிக்குப் போட்ட பணம் ஒரு பக்கம், உத்தரவாதத்துக்காக வங்கியில் முடங்கும் பணம் இன்னொரு பக்கம். நடுவழியில் வண்டி விபத்தில் சிதைந்தாலும், திருடு போனாலும், ஏதோ ஒரு எல்லையில் வெளியேறும் முத்திரை வாங்க மறந்தாலும், "வண்டி எங்க நாட்டுலயே இருக்கு" என்று அந்தச் சுங்கத்துறை வரி கேட்கலாம். அது போவது உங்கள் உத்தரவாதப் பணத்திலிருந்து.

அதனால் ஒரு பழக்கம்: முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் எந்த எல்லையிலும் கியர் போடாதீர்கள்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி?

• இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்: உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகமே தரும். படிவம் 4ஏ, கட்டணம் ரூ.1,000. அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். கூடவே ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

• இன்சூரன்ஸ்: உங்கள் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்கு நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் அந்தந்த நாட்டில் தனியாக வாங்க வேண்டும்.

• ஆர்.சி: பயணம் செய்பவர் பெயரிலேயே இருப்பது நல்லது. அப்பா பெயரில் இருந்தால் அதிகாரக் கடிதம், லோன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று தேவைப்படும்.

• ஹெட்லைட்: நம் வண்டியின் விளக்கு இடதுபுறச் சாலைக்கு ஏற்றது. வலதுபுறம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். அதற்கான ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

• சமையல்: நம் வீட்டு சிலிண்டரை வெளிநாட்டில் நிரப்ப முடியாது. ஐரோப்பாவில் மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட்தான் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பு கைகொடுக்கும்.

விசா எப்போது வாங்குவது?

நீண்ட பயணத்தில் பலர் சறுக்கும் இடம் இது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். வண்டிக்கு ஆறு மாதம், ஓட்டுநருக்கு மூன்று மாதம்! அதனால் ஐரோப்பாவில் நுழையும் தேதியை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி விசா, கப்பல், கார்னே, வண்டி என்று வாருங்கள்.

"எல்லாம் சரி பாஸ், எவ்வளவு ஆகும்?"

டீசலை நீங்களே கணக்குப் போடலாம். 30,000 கி.மீ பயணம், லிட்டருக்கு 8 கி.மீ என்றால் 3,750 லிட்டர். லிட்டர் சராசரியாக 100 ரூபாய் என்றாலே 3.75 லட்சம். ஐரோப்பாவில் விலை நம் ஊரைவிட அதிகம். இதோடு போக வர கப்பல் கட்டணம், துறைமுகச் செலவு, கார்னே, விசாக்கள், இன்சூரன்ஸ், சம்பளம் இல்லாத மாதங்களின் வீட்டு இ.எம்.ஐ. கடைசி வரியைத்தான் பலர் எழுதுவதே இல்லை.

மூன்று மாதத்துக்கும் குறைவான பயணம் என்றால், போன இடத்திலேயே மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்னே, கப்பல் இரண்டுமே தேவைப்படாது.

முதல் படி எது?

நேபாளம். திருச்சியிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் சுனௌலி எல்லை ஏறக்குறைய 2,400 கி.மீ. விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். நம் லைசென்ஸ் செல்லும். வண்டிக்கு எல்லையில் 'பன்சார்' என்ற சுங்க அனுமதியை நாள் கணக்கில் கட்டணம் கட்டி வாங்க வேண்டும், வெளியேறும்போது திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு குட்டி கார்னே மாதிரி. முத்திரை வாங்கும் பழக்கம், வண்டியில் தூங்கும் பழக்கம், கூட வருபவரோடு பத்து நாள் சண்டை போடாமல் இருக்கும் பழக்கம் எல்லாவற்றுக்கும் இது ஒத்திகை. அதற்கு இருக்கிற காரே போதும்.

போய்விட்டு வந்து, துவாக்குடி டோல்கேட்டைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பும்போதும் "அடுத்து எப்போ?" என்று கேட்கத் தோன்றினால், அப்போது பட்டறைக்காரருக்கு போன் பண்ணுங்கள். போவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று எண்களை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: உயரம், எடை, ஐரோப்பாவில் நுழையும் தேதி.