பல்மானியும் பழைய வாகனமும்: உணரிக் கம்பிகள் பற்றிய ஒரு குறிப்பு

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1990களின் ஜப்பானியக் கார்கள் பலருக்கு இன்னும் பிழைப்புக் கருவிகளாகவே உள்ளன. அவற்றின் எஞ்சின் சீராக ஓடாதபோது, 'சென்சரை மாற்றிப் பார்ப்போம்' என்பதே எளிதாக எழும் தீர்ப்பு. பழுது உணரியிலா, அதற்குச் செல்லும் கம்பியிலா என்னும் வினா எழுமுன்னரே பாகம் வாங்கப்பட்டுவிடுகின்றது. ஊகத்தின் விலையைச் செலுத்துபவர் வாடகைக் கார் ஓட்டுபவரே.

குளிர்நீரின் வெப்பநிலையை அறியும் உணரியை எடுத்துக்கொள்வோம். இதற்கு இரு கம்பிகளே உண்டு. எஞ்சின் கணினி ஒரு நிலைத் தடையினூடாக 5 வோல்ற்றை அனுப்பும் கம்பி ஒன்று. கணினிக்கே திரும்பும் ஏர்த் கம்பி மற்றையது. வெப்பம் ஏற ஏற உணரியின் தடை குறையும்: 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். கணினி வெப்பத்தை நேரே அறிவதில்லை. கம்பியில் எஞ்சும் வோல்ற்றளவையே அறிகின்றது. ஆதலால் உணரியின் தடையும் கம்பியின் தடையும் அதற்கு ஒன்றே.

இணைப்பியில் பூத்த களிம்பு 300 ஓம் தடையைச் சேர்த்துவிட்டதெனக் கொள்வோம். குளிர்ந்த எஞ்சினில் 2,500 என்பது 2,800 ஆகும். பிழை சில பாகைகளே. சூடேறிய பின்னரோ 300 என்பது 600 ஆகின்றது. அதாவது, 80 பாகையிலுள்ள எஞ்சினைக் கணினி ஏறத்தாழ 60 பாகையிலுள்ளதாகக் கொண்டு, தேவைக்கு மேற்பட்ட பெற்றோலைச் செலுத்துகின்றது. ஒரே களிம்பு ஒரு நிலையில் அற்பமானதாகவும் இன்னொரு நிலையில் தீர்மானகரமானதாகவும் ஆவது மனங்கொள்ளத்தக்கது. எச்சரிக்கை விளக்கும் உதவாது. அக்காலத் தொயோற்றாக் கார்களில் விளக்குச் சிமிட்டிக் காட்டும் 22 என்னும் குறியீடு, சுற்று அறுந்தாலோ குறுஞ்சுற்றானாலோதான் பதிவாகும். புதிய உணரியைப் பொருத்துகையில் களிம்பு சற்று உரசப்பட்டுச் சில நாள் கார் நன்றாக ஓடுவதும் உண்டு. புகழ் முழுவதும் உணரிக்கே!

எனவே சோதனையின்போது உணரியின் பிளக்கை முதலிற் கழற்றலாகாது. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தித் திறப்பை அணைத்து, பற்றறியின் மறை முனையைக் கழற்றிய பின், கணினிப் பக்கத்து இணைப்பியைக் கழற்றி அவ்விரு கம்பிகளுக்கிடையே தடையை அளக்க வேண்டும். உடனே உணரியின் பிளக்கைக் கழற்றி, உணரியை மட்டும் அளக்க வேண்டும். முதல் அளவு இரண்டாவதிலும் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவும் கம்பியிலும் இணைப்பிகளிலும் உள்ள தடை. சில ஓம்களாயின் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சுற்று அறுந்திருப்பதாக ஐயமேற்பட்டால் சோதனை வேறு. கணினியையும் பற்றறியையும் மீள இணைத்து, எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் போட்டு, கழற்றிய பிளக்கின் இரு முனைகளுக்கிடையே 5 வோல்ற்று வருகிறதா எனப் பார்க்க வேண்டும். வராவிடின், பல்மானியின் கறுப்புக் கம்பியைப் பற்றறியின் மறை முனையில் வைத்து ஒவ்வொரு முனையையும் தொட, ஒன்றில் 5 தோன்றுமாயின் அறுந்தது ஏர்த் கம்பி. ஒன்றிலும் தோன்றாவிடின் பழுது மற்றக் கம்பியிலோ கணினியிலோ உள்ளது. இதற்குப் பழைய முறைப்படி மின்குமிழைப் பயன்படுத்துவது ஆபத்தானது; அது இழுக்கும் மின்னோட்டம் கணினியையே பழுதாக்கலாம்.

உழைப்பில் சிந்தனை வேறு, செய்கை வேறு எனப் பிரிக்கப்படுவதை ஹரி பிறேவர்மன் 1974இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். குறியீட்டை வாசித்துப் பாகத்தை மாற்றுவதே திருத்துநரின் பணி என்றாகும்போது நிகழ்வதும் அத்தகைய பிரிவே. மலிவான பல்மானி ஒன்றும் சுற்றைப் பற்றிய விளக்கமும் கைவசமிருப்பின், அவர் தாமே காரணத்தைத் தேடலாம்.

களிம்பை நீக்கிய பின்னர் கணினிப் பக்கத்து அளவை மீண்டும் எடுத்தல் வேண்டும். அது உணரியின் அளவுக்கு இறங்காவிடின், இடையிலுள்ள வேறோர் இணைப்பியிலோ கம்பியிலோ இன்னும் தடை இருக்கலாம்.