மகவேற்பும் மறைக்கப்படும் பிறப்பும்

ஆவணி மாதத்தில் தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகன் ஆலயத் திருவிழாவுக்காகப் புலம்பெயர் நாடுகளிலிருந்து பெருந்தொகையானோர் ஊர் திரும்புகின்றனர். அவர்களுள் பிள்ளைப் பேறு வேண்டி நேர்த்தி வைக்கும் தம்பதியரும் உளர். மருத்துவமும் பலனளிக்காமல், வயதும் நாற்பதைக் கடந்துவிட்ட நிலையில், மடத்தில் அன்னதானத்துக்குக் காத்திருக்கும்போது கூட வந்த பெரியம்மாவோ மாமியோ சொல்லும் யோசனை ஒன்றுண்டு: “எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டிருக்கப் போறியள்? இங்க ஒரு பொம்பிளைப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போங்கோவன்.”

அந்த யோசனையில் அன்பு இருக்கின்றது. ஆனால் இலங்கையிற் பிறந்த பெண் குழந்தையொன்றைக் கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ கொண்டுசெல்வது இன்று அத்தனை எளிதான காரியமன்று. எளிதாக இருந்த காலமொன்றும் இருந்தது. அக்காலம் விட்டுச்சென்ற காயங்களே இன்றைய கடுமையான விதிகளுக்குக் காரணம். அந்த விதிகள் யாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே கோட்பாடு: பிள்ளைக்குப் புதிய வீட்டைக் கொடுக்கலாம், அதற்காக அதன் பிறப்பை அழித்தல் ஆகாது. தமிழர் வழமையும் இஸ்லாமிய ஷரீஆவும் இந்த இடத்தில் நவீன சட்டத்துக்கு முரணானவை அல்ல என்பதை நம்மிற் பலர் சிந்திப்பதில்லை.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். இலங்கையில் மகவேற்பை ஒழுங்குபடுத்துவது 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டமாகும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையையே மகவேற்கலாம். பொதுவாக, ஏற்பவர் இருபத்தைந்து வயதைக் கடந்தவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது இருபத்தொரு வயது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளையெனில் அதன் சம்மதமும் தேவை. கட்டளையை வழங்குவது நீதிமன்றம். அதன் பின்னர் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் விபரம் சேர்க்கப்பட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. வைத்தியசாலையிலோ கிராமத்திலோ ஒருவர் பெற்ற பிள்ளையை இன்னொருவர் தாம் பெற்றதாகவே பிறப்புப் பதிவு செய்துகொள்வது மகவேற்பு ஆகாது. அது பொய்யான பதிவு; குற்றம்.

வெளிநாட்டில் வாழ்வோருக்கு இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 1993 ஆம் ஆண்டின் ஹேக் மகவேற்புச் சமவாயத்தின்படி, தம்பதியர் எந்த ஊரிற் பிறந்தவர்கள் என்பதன்று, அவர்கள் வழக்கமாக வதிவது எந்த நாட்டில் என்பதே கணக்கிற் கொள்ளப்படும். எனவே தொண்டைமானாற்றிற் பிறந்து வளர்ந்தவராயினும் பாரிஸில் நிலையாக வாழ்பவர், அங்கு கொண்டுசெல்வதற்காகப் பிள்ளையை ஏற்பாராயின், அது நாடுகளுக்கிடையிலான மகவேற்பே. தமது சகோதரியின் மகளை ஏற்பதாயினும் நிலைமை இதுவே. முதலில் வதியும் நாட்டின் அதிகாரசபை தம்பதியரின் குடும்பநிலை, வருமானம், உடல்நலம் ஆகியவற்றை ஆராய்ந்து தகுதியுடையோர் எனச் சான்றளிக்க வேண்டும். பிள்ளை அந்நாட்டுக்குள் நுழைந்து நிலையாக வாழ அனுமதி உண்டென்பதும் உறுதிப்பட வேண்டும். அதன் பின்னரே இலங்கையின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் அவ்விண்ணப்பத்தைக் கவனத்திற் கொள்ளும். இங்கு வந்து பிள்ளையொன்றைத் தெரிவுசெய்துவிட்டுப் பின்னர் கடவுச்சீட்டுக்கு அலைவது தலைகீழான நடைமுறையாகும். பிள்ளை இங்கும் தம்பதியர் அங்குமாக ஆண்டுகள் கழியும் அவலம் இதனாலேயே நேர்கின்றது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்ற கேள்வி எழலாம். 1970களிலிருந்து 1990கள் வரை இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பின் பெயரால் அனுப்பப்பட்டதாகக் கணக்கிடப்படுகின்றது. அவற்றுள் ஏராளமானவை ஒழுங்காக நடந்தவை அல்ல. கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் ஒன்றாக வைத்திருந்த ‘குழந்தைப் பண்ணைகள்’ 1980களில் அம்பலமாகின. பெற்ற தாய்க்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் தாயாக நின்று கையொப்பமிட்ட பெண்களும் இருந்தனர். குழந்தை இறந்துவிட்டதாகத் தாயிடம் பொய் சொல்லப்பட்ட சம்பவங்களும் பின்னாளில் வெளிப்பட்டன. 1992 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வெளிநாட்டவர் பிள்ளைகளைப் பெறும் வழிகளை இறுக்கியது. ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்று உறுதிப்படுத்திய மூன்று நாடுகளுள் மெக்சிக்கோ, ருமேனியா ஆகியவற்றுடன் இலங்கையும் ஒன்று. 1995 மே 1 ஆம் திகதி அச்சமவாயம் நடைமுறைக்கு வந்தது. பட்ட அனுபவமே இந்த முந்துகைக்குக் காரணம் எனலாம்.

கொண்டுசெல்லப்பட்ட அக்குழந்தைகள் இன்று நடுத்தர வயதினர். அவர்களுட் பலர் தம்மைப் பெற்றவர்களைத் தேடி இலங்கைக்கு வந்தபோது, கையில் இருந்த பத்திரத்திலுள்ள தாயின் பெயர் கற்பனை என்பதையும், முகவரியில் அப்படியொருவர் வாழ்ந்ததே இல்லை என்பதையும் கண்டறிந்தனர். நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஆவணப்படமொன்று 2017 இல் இதனை வெளிக்கொணர்ந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். 2020 இல் இலங்கைப் பிள்ளைகளின் மகவேற்பில் நிகழ்ந்த முறைகேடுகள் குறித்துச் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளை ஆராய்ந்த நெதர்லாந்து விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2021 பெப்ரவரியில் அந்நாடு வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது. 2024 இல் அதனைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. டென்மார்க்கில் வெளிநாட்டு மகவேற்பை ஏற்பாடு செய்துவந்த ஒரே முகவரகம் 2024 ஜனவரியில் அப்பணியைக் கைவிடுவதாக அறிவித்தது. எதிர்காலத்தில் அதனைத் தடைசெய்யும் எண்ணத்தை 2025 ஜனவரியில் சுவிற்சர்லாந்து அரசும் வெளியிட்டது. இவை நம்மவர்கள் வாழும் நாடுகள். “அங்க போனால் எல்லாம் சரிவரும்” என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

நமது பிரதேசத்திலும் பிள்ளையின் அடையாளம் எத்தகைய பெறுமதியுடையது என்பதைச் சுனாமி உணர்த்தியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் கல்முனையில் கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தையொன்று வைத்தியசாலைச் சேர்க்கை இலக்கத்தால் ‘குழந்தை 81’ என உலகெங்கும் அறியப்பட்டது. பிள்ளையை இழந்து துடித்த பலர் அக்குழந்தை தம்முடையதே என்று கூறியதாகச் செய்திகள் வந்தன. நீதிமன்ற உத்தரவின்படி நடந்த மரபணுப் பரிசோதனை பெற்றோரை உறுதிசெய்தது. 2005 பெப்ரவரியில் குழந்தை அவர்களிடம் சேர்ந்தது. உருக்கம் மிகுந்த அவ்வேளையில் யாரேனும் ஒருவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டிருந்தால், பெற்ற தாய் உயிரோடிருக்க அக்குழந்தை அநாதையாகவே வளர்ந்திருக்கும். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். ‘அநாதைப் பிள்ளை’ என்று சொல்லப்படும் பிள்ளை பல வேளைகளில் வறுமைப்பட்ட தாயொருத்தியின் பிள்ளையே என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இனி நமது மரபுகளை நோக்குவோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் மகவேற்புக்கெனத் தனி இடமுண்டு. நெருங்கிய உரித்தாளரின் இணக்கத்தோடு, மஞ்சள் நீர் அருந்தும் சடங்கின் மூலம் பிள்ளை ஏற்கப்பட்டது. இணங்காத உரித்தாளரின் பங்கை அச்சடங்கு பறிக்கவில்லை. இங்கு கவனிக்க வேண்டியது, அது ஊரறிய, உறவறிய நடந்த காரியம் என்பதாகும். இருட்டில் கொண்டுவந்து, பெற்ற பிள்ளை என்று ஊருக்குச் சொல்வது நமது வழமை அன்று.

இஸ்லாத்தில் இக்கொள்கை மேலும் தெளிவானது. அநாதையைப் பராமரிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிக உயர்ந்த நற்செயலாகப் போதித்தார்கள். ஆனால் வளர்ப்புப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக ஆக்கி வம்சத்தை மாற்றுவதை அல்குர்ஆனின் அல் அஹ்ஸாப் அத்தியாயம் (33: 4, 5) ஏற்கவில்லை. பிள்ளைகளை அவர்களின் தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படியும், தந்தையர் அறியப்படாவிடின் மார்க்கச் சகோதரர்களாகக் கொள்ளும்படியும் அது பணிக்கின்றது. நபியவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா என்றே அழைக்கப்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. இதன்படி அமைந்த பராமரிப்பு முறையே கஃபாலா. 1989 ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயம் தனது இருபதாம் உறுப்புரையில் கஃபாலாவைப் பெயர் குறிப்பிட்டு ஏற்றுள்ளது. கஃபாலாப் பிள்ளை ஷரீஆவின்படி வாரிசாகாது. எனினும் வாழ்நாளிலேயே அன்பளிப்பாகவும், சொத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தாகவும் வழங்க வழியுண்டு. இரண்டு வயதுக்குள் முறைப்படி பாலூட்டப்பட்டால் பால்குடி உறவும் ஏற்படுகின்றது. ஆயினும் மேற்கு நாடுகள் சிலவற்றின் குடிவரவுச் சட்டங்கள் கஃபாலாவை மகவேற்புக்குச் சமமாகக் கொள்வதில்லை. பிள்ளையைக் கொண்டுசெல்ல விரும்பும் முஸ்லிம் தம்பதியர் இதனை முன்கூட்டியே விசாரித்தறிதல் அவசியம்.

அயல்நாடான இந்தியாவில் ஷப்னம் ஹாஷ்மி என்ற சமூகச் செயற்பாட்டாளர் தாம் வளர்த்த பெண் பிள்ளைக்குச் சட்டபூர்வத் தாயாகும் உரிமையை வேண்டி 2005 இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எம்மதத்தவரும் மகவேற்கலாம் என்று 2014 பெப்ரவரியில் தீர்ப்பளித்த நீதிமன்றம், அதனைத் தெரிவுசெய்வதா அல்லது தமது தனியார் சட்டத்தைப் பின்பற்றுவதா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. மார்க்கமும் அரச சட்டமும் சந்திக்கும் இடத்தில் எழும் சிக்கலுக்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

பெண் பிள்ளையைப் பொறுத்தவரை மறைத்தலின் விளைவு பெரும்பாலும் திருமணப் பேச்சின்போதே வெளிப்படும். தமிழர் மத்தியில் முதலிற் கேட்கப்படுவது குறிப்பு. பிறந்த நாழிகை அறியப்படாத பிள்ளைக்கு எதைக் கொண்டு சாதகம் கணிப்பது? பொய்யாக ஒன்றை எழுதுவித்தாலும் ஊரில் எவரேனும் ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்கும். முஸ்லிம்கள் மத்தியில் நிக்காஹ்வுக்கு வலி தேவை. வளர்ப்புத் தந்தை என்ற நிலை ஒருவரை வலியாக்குவதில்லை. பெற்ற தந்தை என நம்பப்பட்டவர் அந்த இடத்தில் நின்றுவிட்டால், திருமணத்தின் செல்லுபடியே பின்னாளிற் கேள்விக்குள்ளாகலாம். உண்மை தெரிந்திருந்தால் தீர்வு கடினமானதன்று. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வலி இல்லாத மணமகளுக்குக் காதியாரின் அனுமதியைப் பெறும் வழியை வைத்துள்ளது. எந்த வயதிலும் தாங்கக் கடினமான செய்தியை, வாழ்வின் முக்கியமான நாளொன்றில், அயலார் வாயால் ஒரு பெண் கேட்க நேர்வது வளர்த்தவர்கள் அவளுக்குச் செய்யும் அநீதியாகும்.

ஹேக் சமவாயத்தின் முப்பதாம் உறுப்புரை பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்களையும், பெற்றோரின் அடையாளத்தையும், மருத்துவ வரலாற்றையும் பாதுகாக்கும்படி அரசுகளைக் கோருகின்றது. அதன் நான்காம் உறுப்புரையின்படி, தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும். பணமோ பிரதியுபகாரமோ கொடுத்துப் பெறப்பட்டதாக இருத்தல் ஆகாது. கர்ப்பத்திலேயே பேசி முடிக்கும் ‘ஒழுங்கு’கள் யாவும் இதற்கு மாறானவை. இடைத்தரகர் ஒருவர் ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால், அங்கேயே நிறுத்திவிடுதல் நலம்.

ஆகவே பிள்ளை ஏற்க விரும்பும் தம்பதியர் தாம் வாழும் நாட்டின் மகவேற்பு அதிகாரசபையிலிருந்தே தொடங்க வேண்டும். அந்நாடு கதவை மூடியிருப்பின், அதனைக் குறுக்கு வழியாற் கடக்க முயலாதிருத்தல் வேண்டும். பிள்ளையின் குடும்பம் வறுமையினாலேயே அதனைக் கொடுக்க முன்வருகின்றதெனின், மாதாந்த உதவியால் தாயும் மகளும் ஒன்றாக வாழ வழிசெய்வதும் பிள்ளைக்குச் செய்யும் பேருதவியே. சட்டப்படி ஏற்ற பிள்ளையாயின், பத்திரங்கள் யாவற்றின் பிரதிகளையும், இல்லத்தின் பெயரையும், கிடைத்த புகைப்படங்களையும் அவளுக்கெனப் பேணி, அவளுக்கு விளங்கும் வயதிலிருந்தே சிறிது சிறிதாக உண்மையைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

இருபது ஆண்டுகளின் பின்னர் அவள் வளர்த்தவர்களோடு ஊருக்கு வந்து, “நான் எங்க பிறந்தனான்?” என்று ஒரு நாள் கேட்பாள். அதற்கு மறுமொழியாக அவளது கையிற் கொடுக்கக்கூடிய உண்மையான கோவையொன்று வளர்த்தவர்களிடம் இருக்க வேண்டும்.