மோட்டார் வண்டிக்கும் மூச்சு வேண்டும்

மனிதன் உணவின்றிப் பல நாட்கள் வாழலாம். நீரின்றி ஓரிரு நாட்கள் தாக்குப்பிடிக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள் கூட இருக்க இயலாது. வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டியும் அத்தகையதே. பெற்றோல்தான் வண்டியை ஓட்டுகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விலை கொடுத்து வாங்குவதால் பெற்றோலின் அருமை நமக்குத் தெரிகிறது; விலையின்றிக் கிடைப்பதால் காற்றின் அருமை தெரிவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுதான்.

பாட்டனார் விட்டுச்சென்ற பழைய மொறிஸ் மைனரைத் துடைத்து மினுக்கி, "இதன் வலுவைக் கூட்ட வழி என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் இன்றும் உளர். அவர்களுக்கு முதலிற் கிடைக்கும் ஆலோசனை, "காற்று வடிகட்டியைக் கழற்றி எறி" என்பதாகும். இதில் அரைவாசி உண்மை உண்டு. அரைவாசி உண்மை முழுப் பொய்யிலும் ஆபத்தானது அன்றோ? ஆகவே முழு உண்மையையும் சற்று ஆராய்வோம்.

பெற்றோலா, காற்றா?

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்பொழுது உள்ளே அமுக்கம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கம், திறந்திருக்கும் வால்வின் வழியே காற்றை உள்ளே தள்ளுகிறது. அக்காற்றோடு பெற்றோல் ஆவியும் கலந்து செல்கிறது. பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்க, தீப்பொறி பிறக்க, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டி ஓடுகிறது.

சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றுப் புகுகிறதோ, அவ்வளவுக்கேற்ற பெற்றோலைத்தான் எரிக்க முடியும். பெற்றோலை மட்டும் கூடுதலாக ஊற்றினால் அது எரியாது கரும்புகையாய் வெளியேறும். காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதே வலுவைக் கூட்டும் கலையின் மூலமந்திரம். நுவரெலியாவுக்கு மலையேறும் கார் மூச்சு வாங்குவதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஏற்றம் மட்டும் அதற்குக் காரணமன்று. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் எஞ்சினின் வலுவும் குறைகிறது.

சூடான காற்றும் ஐதானதே. 30 பாகை வெப்பநிலையில் உள்ள காற்று எஞ்சினின் சூட்டினால் 60 பாகையை அடைந்தால், அதே இடத்தில் அடங்கும் காற்று ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆதலால், சூடான புகைபோக்கிக் குழாயின் அருகே மூச்செடுக்கும் எஞ்சினைவிட, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைப் பெறும் எஞ்சின் வலுவுடையது.

சின்ன வண்டியின் பெரிய மூச்சு

இக்கலையின் சிறப்பை உலகறியச் செய்தது ஒரு சின்னஞ்சிறு வண்டி. 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த மினியே அது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். நம் நாட்டு வீதிகளில் நமக்கு நன்கு பழக்கமான மொறிஸ் மைனரை ஆக்கியவரும் அவரே. மினியின் 848 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 1951இல் ஒஸ்ரின் ஏ 30 வண்டிக்காகப் பிறந்த 'ஏ' வரிசையைச் சேர்ந்தது. 1952 முதல் மொறிஸ் மைனரிலும் இதே குடும்பத்து எஞ்சினே பொருத்தப்பட்டது.

மினியின் எஞ்சினுடைய வலு 34 குதிரைவலு மட்டுமே. நிமிடத்துக்கு 5,500 தடவை சுழலும்பொழுது அது 2,300 லீற்றருக்கு மேற்பட்ட காற்றை உறிஞ்ச வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் நேரமோ ஒரு செக்கனில் ஏறக்குறைய 180இல் ஒரு பங்கு! போதாக்குறைக்கு, நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றுச் செல்லும் வாயில்கள் இரண்டுதான். ஒரே வாசலால் இரு குடும்பங்கள் போய்வருவது போன்ற நெருக்கடி அது.

ஜோன் கூப்பர் என்பவர் பந்தயக் கார்கள் கட்டுபவர். அவருடைய கார்களை ஓட்டியே அவுஸ்திரேலியரான ஜாக் பிரபம் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக வெற்றிவீரரானார். இந்தச் சின்ன வண்டிக்குள் ஒளிந்திருந்த திறனைக் கூப்பர் கண்டுகொண்டார். அதன் பயனாக 1961இல் மினி கூப்பர் பிறந்தது. எஞ்சின் 997 கன சென்ரிமீற்றராக வளர்ந்தது. ஒரு காபுரேற்றர் இருந்த இடத்தில் அதே அளவான இரண்டு பொருத்தப்பட்டன. உட்கொள் வால்வுகள் பெரிதாயின. எரிந்த வாயு தடையின்றி வெளியேறப் புகைபோக்கி திருத்தப்பட்டது. நெருக்கல் விகிதம் 9 ஆக உயர்ந்தது. வலு 55 குதிரைவலுவாயிற்று.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். எஞ்சினின் கொள்ளளவு பெருத்த விகிதத்தில் மட்டும் வலு கூடியிருந்தால், 34 என்பது 40 ஆகியிருக்கும். மீதி 15 குதிரைவலு எங்கிருந்து வந்தது? நல்ல மூச்சிலிருந்தும், இறுக்கமான நெருக்கலிலிருந்தும், விரைவான சுழற்சியிலிருந்துமே வந்தது.

1964இல் பாடி ஹொப்கேர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ், தன்னிலும் பன்மடங்கு வலுவுள்ள பெரிய கார்களை வென்று மொன்டி கார்லோ ஓட்டத்தில் முதலிடம் பெற்றது. 1965இலும் 1967இலும் மினியே மீண்டும் வென்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம் முன்னோர் வாக்கு.

ஊசியும் பொறியும்

காற்றுக்கு வழி விட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. மினியிலிருந்த எஸ்.யு. காபுரேற்றரின் அமைப்பு மிக நேர்த்தியானது. காற்றோட்டம் கூடக்கூட அதனுள் ஒரு சிறு பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி ஒன்று தொங்குகிறது. ஊசி உயர உயரப் பெற்றோல் வரும் துவாரம் அகன்று, கூடுதலான பெற்றோல் சுரக்கும். காற்றின் பாதையை மாற்றியவர் அதற்கேற்ற ஊசியையும் மாற்றியாக வேண்டும்.

நிறையின்படி 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பது முழுத் தகனத்துக்கான அளவு. உச்ச வலுவுக்கு ஏறக்குறைய 13 பங்கு காற்று போதும். காற்று மிஞ்சிப் பெற்றோல் குறைந்தால் வெப்பம் கூடி, வால்வுகள் கருகும். பிஸ்டனில் ஓட்டையும் விழலாம். பழைய மெக்கானிக்குமார் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவர். வெண்மை பெற்றோல் குறைவைக் காட்டும். கரி பெற்றோல் மிகுதியைக் காட்டும். இளங்கபிலம் நலத்தைக் காட்டும். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்றதே இது.

தீப்பொறி பிறக்கும் நேரமும் முக்கியமானது. கலவை எரியச் சிறிது நேரம் செல்வதால், பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி பிறக்க வேண்டும். அளவுக்கு மீறி முந்தினால், எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அவ்வொலியைப் பொருட்படுத்தாது ஓடுபவர் எஞ்சினை இழப்பார். நெருக்கல் விகிதத்தை உயர்த்தியவர், ஒக்ரேன் எண் கூடிய பெற்றோலையே ஊற்ற வேண்டும்.

இன்றைய வண்டிகளில் காபுரேற்றர் இல்லை. உட்புகும் காற்றையும் வெளியேறும் வாயுவிலுள்ள ஒட்சிசனையும் உணர்கருவிகள் அளக்க, சிறு கணினி ஒன்று பெற்றோலின் அளவையும் பொறியின் நேரத்தையும் தீர்மானிக்கிறது. கருவிகள் மாறினாலும் விதி மாறவில்லை.

வடிகட்டியைக் கழற்றலாமா?

இனி அந்த அரைவாசி உண்மைக்கு வருவோம். வடிகட்டி காற்றைச் சிறிது தடுப்பது மெய்தான். ஆனால் அது தடுப்பது காற்றை மட்டுமா? நம் வீதிகளின் புழுதியிலுள்ள நுண்மணல் சிலிண்டருள் புகுந்து, எண்ணெயுடன் கலந்து, அரைக்கும் பசையாக மாறுகிறது. சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அது நாளும் தேய்க்கிறது. இன்று பெறும் ஒரு குதிரைவலுவுக்காக நாளை பலவற்றை இழக்க வேண்டிவரும். அடைபட்ட வடிகட்டியை மாற்றுதல் அறிவு. வடிகட்டியையே எறிதல் அறியாமை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூப்பர் மினியின் வலுவைக் கூட்டியபொழுது, முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிரேக்குகளையும் பொருத்தியே வண்டி விற்பனைக்கு வந்தது. விரைந்து ஓடும் வண்டி விரைந்து நிற்கவும் வேண்டும். பிரேக்கையும் ரயரையும் கவனியாமல் எஞ்சினை மட்டும் முடுக்குபவர், தம் உயிரை மட்டுமன்றி வீதியிற் செல்லும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

இக்கலை வேகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை யாழ்ப்பாணம் நன்கறியும். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய வண்டிகள் முடங்கின. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய கிழட்டு வண்டிகளோ மண்ணெண்ணெயில் ஓடின!

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலிற் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். சூடேறியபின் மண்ணெண்ணெய் தன் வேலையைச் செய்யும். மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கலைத் தாங்காது; பழைய எஞ்சின்களின் நெருக்கல் விகிதம் குறைவாயிருந்தமையால் அவை அதனை ஏற்றுக்கொண்டன. புகை கக்கின, நாறின, எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்தது. ஆயினும் நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தன. மொன்டி கார்லோவில் வென்ற வெள்ளிக் கிண்ணத்துக்கு அந்த ஓட்டங்கள் எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

காற்று, எரிபொருள், நெருக்கல், பொறி ஆகிய நான்கையும் விளங்கிக்கொண்டவன் வேண்டியபோது வேகத்தையும் பெறுவான். ஆபத்து வந்தபோது வண்டியையும் ஓடச் செய்வான். ஆகவே, இளைஞர்களே, பாட்டனாரின் மொறிஸ் மைனரில் ஸ்பனரை வைக்குமுன், பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அது எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதை ஒருநாள் பொறுமையாகக் கவனியுங்கள். பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். அதன் ஓசைக்குச் செவிகொடுங்கள். எதை மாற்றவேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்பதை அந்த வண்டியே உங்களுக்குச் சொல்லித்தரும்.