மீதி எட்டு எங்கீங்க?

“நாப்பதுன்னு சொல்லிக் காசு வாங்குனீங்க. பொட்டி முப்பத்திரண்டுதான் காட்டுது. 90 கிலோ மூட்டைன்னு சொல்லி 72 கிலோ போட்டா எங்க யாவாரத்துல ஒத்துக்குவாங்களா தம்பி? மீதி எட்டு எங்கீங்க?”

1990ஆம் ஆண்டு, ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. வெளியே களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆபீஸ் அறையில் முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டார். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தராசை நம்பிப் பிழைக்கிறவர் கேட்ட நியாயமான கேள்வி அது. நாங்கள் விற்ற 40 எம்பி ஹார்ட் டிஸ்க்கில் 32தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் இதே தொழிலில் இருக்கிறேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. முப்பத்திரண்டு எம்பி என்று தொடங்கி 504 எம்பி, 2 ஜிபி, 137 ஜிபி என்று எண் மட்டும் மாறியது. காரணம் மாறவில்லை. டிஸ்க்கில் இடம் இருந்தது. அந்த இடத்தின் எண்ணை எழுதக் கட்டம் போதவில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன. தட்டில் வட்ட வட்டமாகத் தடங்கள். ஒவ்வொரு தடமும் 512 பைட் பிடிக்கும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அந்தத் துண்டுக்கு செக்டர் என்று பெயர். தட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க ஒரு ஹெட். எல்லாப் பக்கங்களிலும் நேருக்கு நேர் இருக்கும் தடங்கள் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். ஃபேக்டரியில் இருந்தது சீகேட் எஸ்டி-251 வகை டிஸ்க்: 820 சிலிண்டர், 6 ஹெட், தடத்துக்கு 17 செக்டர். பெருக்கிப் பார்த்தால் 83,640 செக்டர். 40 எம்பிக்குக் கொஞ்சம் கூடவே வரும். எடையில் குறைவே இல்லை.

கணக்கு எழுதியது கம்ப்யூட்டரை இயக்கிய டாஸ். 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது அதில் இருந்தது 10 எம்பி டிஸ்க். அதனுடன் வந்த டாஸ் 2.0, ஒரு பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் ஒரு பிரிவில், எத்தனை செக்டர் என்று குறிக்க 16 பிட் ஒதுக்கியது. பதினாறு கட்டம், ஒவ்வொன்றிலும் பூஜ்ஜியமோ ஒன்றோ. அதற்குள் 65,536 எண்கள்தான் அடங்கும். 512ஆல் பெருக்கினால் சரியாக 32 எம்பி. முதலாளியின் டிஸ்க்கில் மிச்சமிருந்த 18,104 செக்டர்கள் எங்கும் போகவில்லை. அவற்றுக்கு விலாசம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை லாரி நம்பரை வைத்துச் சொல்வேன். திருச்செங்கோட்டு வண்டிக்கு டி.என். 34. அதன் பின்னால் எழுத்தும் நான்கு இலக்கமும். 9999 முடிந்தால் அடுத்த வண்டியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆர்டிஓ ஆபீசில் எழுத்தை மாற்றி அடுத்த வரிசையை ஆரம்பிக்கிறார்கள். டாஸும் அந்த வழிக்கே வந்தது. 1987இல் வந்த 3.3 பதிப்பு, ஒரே டிஸ்க்கைப் பல பார்ட்டிஷனாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்தது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்கியது. அடுத்தது டி.

ஃபேக்டரியில் ஓடியது 3.2. மறுநாள் எங்கள் கடையின் மூத்த மெக்கானிக் வந்து 3.3ஐப் போட்டார். எஃப்டிஸ்க் கட்டளையில் சி-க்கு 32, டி-க்கு மிச்சம் எட்டு என்று பிரித்தார். முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, “அப்ப இது வேற குடோனுங்களா?” என்றார். “ஒரே கட்டடம்தானுங்க, கதவு மட்டும் வேற” என்றார் மெக்கானிக். அன்றிலிருந்து குச்சிக்கிழங்கு வரவு சி-யிலும் மூட்டை அனுப்பிய கணக்கு டி-யிலும் ஏறியது.

ஆரம்பத்திலேயே கூடுதல் கட்டம் விட்டிருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். டாஸை எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்தது 10 எம்பி டிஸ்க். அவர்கள் விட்டது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இடம். நினைவகத்தைக் கிலோபைட்டில் எண்ணிய காலம் அது, ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. 1988இல் வந்த டாஸ் 4.0 அந்தக் கட்டத்தை 32 பிட்டாக அகலப்படுத்தியது. தடை நின்றது ஐந்தே ஆண்டு.

அடுத்தது 504. இது 1995 வாக்கில் வந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவரின் ஆபீசில் 486 கம்ப்யூட்டருக்குப் பெரிய டிஸ்க்காகப் பார்த்து வாங்கி மாட்டினேன். 504 எம்பியோடு நின்றுவிட்டது. அவருக்குப் பாலத்தை வைத்தே விளக்கினேன். ரிக் வண்டி போகிற வழியில் இரண்டு பாலம். ஒன்றில் உயரம் குறைவு, மற்றொன்றில் அகலம் குறைவு. இரண்டிலும் நுழைகிற வண்டிதான் ஊர் போய்ச் சேரும். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் 1024 சிலிண்டருக்கு மேலும் தடத்துக்கு 63 செக்டருக்கு மேலும் எண்ணாது, ஹெட் மட்டும் 256 வரை போகலாம். ஐடிஇ டிஸ்க்கில் சிலிண்டர் 65,536 வரை போகும், ஹெட் 16தான். இரண்டிலும் சின்னதை எடுத்தால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். மொத்தம் 10,32,192 செக்டர், அதாவது 504 எம்பி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் தாராளம். சேர்ந்த இடத்தில் நெருக்கடி. பிறகு வந்த பயாஸ், சிலிண்டரைப் பாதியாக்கி ஹெட்டை இரட்டிப்பாக்கிச் சொல்லக் கற்றுக்கொண்டது. தடை 8.4 ஜிபிக்கு நகர்ந்தது.

இதற்கிடையில் டாஸின் 16 பிட் கணக்கு இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணைக்கு ஃபேட் 16 என்று பெயர். அது செக்டர்களைச் சேர்த்துக் கட்டுக் கட்டாக எண்ணும். கட்டுக்குப் பெயர் கிளஸ்டர். கட்டுகள் ஏறக்குறைய 65,500க்கு மேல் போகாது. டிஸ்க் பெரிதானால் கட்டைத்தான் பெரிதாக்க வேண்டும். 128 எம்பி வரை கட்டுக்கு 2 கேபி. 1 ஜிபியைத் தாண்டினால் 32 கேபி. அதோடு முடிந்தது, பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது.

நாமக்கல்லில் முட்டை ட்ரேயைப் பார்க்காதவர் யார்? ஒரு ட்ரேயில் முப்பது குழி. ஒரே ஒரு முட்டைக்கும் முழு ட்ரே கொடுத்தால் வண்டி என்ன ஆகும்? ட்ரேதான் நிறையும், முட்டை இருக்காது. 32 கேபி கட்டில் ஒரு கேபி கடிதத்தை எழுதினாலும் முழுக் கட்டும் போய்விடும். நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றின் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள். கோப்புகளின் அளவைக் கூட்டினால் பாதி டிஸ்க்கூட வரவில்லை, டிஸ்க்கோ நிறைந்துவிட்டது. 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் பதிப்பில் வந்த ஃபேட் 32 இதைத் தீர்த்தது. 8 ஜிபி வரை கட்டுக்கு 4 கேபிதான். அந்தப் பண்ணையில் அதற்கு மாற்றிய அன்று, ஒரு கோப்பையும் அழிக்காமலே டிஸ்க்கில் இடம் பிறந்தது.

அந்தக் காலம் விட்டுப்போன பழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள், “சி, டி, இ பிரிச்சுக் குடுத்துருங்க” என்கிறார்கள். சி-யில் விண்டோஸ், டி-யில் கணக்கு, இ-யில் பாட்டும் படமும். பிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா பிரித்துப் பார்த்த கம்ப்யூட்டரையே மகனும் கேட்கிறான்.

இனிச் சொல்லப்போவது என் தவறு. 2004இல் ராசிபுரம் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர் கல்யாண வீடியோக்களை வைக்க 160 ஜிபி டிஸ்க் கேட்டார். என் கடையின் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரே பார்ட்டிஷனாகப் போட்டேன். முழு அளவும் தெரிந்தது. அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் செக்டர் எண்ணை 28 பிட்டில் எழுதுகிற காலத்தது. 26,84,35,456 செக்டர் வரைதான் அதனால் எண்ண முடியும். அது 137 ஜிபி. 48 பிட் முறை 2002 வாக்கிலேயே வந்துவிட்டது, என் கடைக் கம்ப்யூட்டரில் அது இருந்தது, அவருடையதில் இல்லை. லாரி மீட்டர் 99999ஐத் தாண்டினால் பூஜ்ஜியத்துக்குத் திரும்புமே, அதேதான் நடந்தது. 137 ஜிபி நிறைந்த அன்று அடுத்த செக்டரின் எண் பூஜ்ஜியமாகிவிட்டது. புது வீடியோ டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து, அங்கிருந்த அட்டவணையையும் பழைய வீடியோக்களையும் அழித்தது. அழிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. அந்தக் கல்யாணங்களை எடுத்த கேசட்டுகளில் அதற்குள் வேறு விசேஷங்களை எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் உட்கார்ந்து மீட்டேன். ஒரு குடும்பத்தின் கல்யாணம் மட்டும் வரவில்லை. அந்த வீட்டுக்கு அவருடன் நானும் போனேன். பெண்ணின் அம்மா எங்களைத் திட்டவில்லை. “தாலி கட்டுனதாச்சும் இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை.

சேகோ ஃபேக்டரியின் 32 எம்பி தடை முகத்துக்கு நேரே நின்ற சுவர். பார்த்தோம், கேட்டோம், வழி கண்டோம். கண்ணுக்குத் தெரியாத தடைதான் குடியைக் கெடுக்கும். எண் எங்கே முடிகிறது என்பதைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

இன்றும் அந்த எல்லைகள் உண்டு. பழைய எம்பிஆர் முறையில் பார்ட்டிஷன் போட்டால் 2 டிபிக்கு மேல் தெரியாது. அது 32 பிட் கணக்கு. கேமரா பதிவுக்கு 4 டிபி டிஸ்க் வாங்குகிறவர்கள் ஜிபிடி முறையில் போடச் சொல்லிக் கேளுங்கள். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பெட்டியில் எழுதுகிறவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், படி வேறு.

ராசிபுரத்துக்குப் பிறகு எந்த டிஸ்க்கையும் அளவு சரியாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி நான் கொடுப்பதில்லை. அது ஓடப்போகிற கம்ப்யூட்டரிலேயே மாட்டி, முதலில் ஒரு சின்னக் கோப்பை எழுதுவேன். பிறகு கடைசி செக்டர் வரை எதையாவது போட்டு நிரப்புவேன். சில சமயம் ராத்திரி முழுக்க ஓடும். காலையில் வந்து அந்த முதல் கோப்பைத் திறந்து பார்ப்பேன். எழுதினது எழுதினபடி இருந்தால்தான் பில் போடுவேன்.